துணியைப் படித்தவர்களும் துணியை விற்பவர்களும்

ஜவுளி வணிகர்களுக்கு ஒரு பாடம்

நமது கடைகளில் அடிக்கடி நடக்கும் காட்சி ஒன்றை முதலில் நினைத்துப் பார்ப்போம். வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த அம்மாள் ஒருவர் கடைக்குள் வருகிறார். நூல் சேலை ஒன்றை எடுத்துப் பிரித்து, முந்தியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது நம்ம ஊர்த் தறியில நெய்ததா? எத்தனாம் நம்பர் நூல்? சாயம் நிக்குமா?" என்று கேட்கிறார். கடைக்காரர், "நல்ல சரக்கும்மா, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்கிறார். கேட்டது மூன்று கேள்வி. வந்தது ஒரே பதில். அதுவும் பதில் அல்ல. அந்த அம்மாள் சேலையை மடித்து வைத்துவிட்டு, "அப்புறம் வர்றேன் அண்ணாச்சி" என்று சொல்லிப் போய்விடுகிறார். அவர் திரும்பி வருவதில்லை.

குறை அந்தக் கடைக்காரரிடம் மட்டும் இல்லை. நம்மில் பலருக்குச் சரக்கின் விலை தெரியும், தள்ளுபடி தெரியும், எந்த மாதம் ஓடும் என்பது தெரியும். ஆனால் சரக்கைப் பற்றித் தெரியாது. அருப்புக்கோட்டையில் பிறந்து வளர்ந்து, தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போன நமக்கே இந்த நிலை என்றால் அதை எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.

துணியைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் சிலர் இருந்திருக்கிறார்கள். அவர்கள் நம்மைப் போல் துணி விற்றவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் எழுதி வைத்ததால் இலாபம் அடைந்தவர்களும் உண்டு, நஷ்டம் அடைந்தவர்களும் உண்டு. அவர்களில் முக்கியமான ஒருவரின் வாழ்க்கையை விரிவாகவும், வேறு இருவரின் பணியைச் சுருக்கமாகவும் பார்த்து, அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று இப்பாடத்தில் ஆராய்வோம்.

நமது சீமையும் நமது சரக்கும்

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி வரை போகும் பாதையின் இருபுறமும் உள்ளது மானாவாரி நிலம். மழை பெய்தால் கண்மாய் நிறையும். பெய்யாவிட்டால் கண்மாயில் கருவேல் வளரும். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணலாம். இத்தகைய சீமையில் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கரிசலில் பருத்தி போட்டார்கள். கருங்கண்ணியும் உப்பம் பருத்தியும் இங்கு விளைந்தவை. வெளிநாட்டுச் சந்தையில் இந்தத் தெற்குச் சீமைப் பருத்திக்குத் 'திருநெல்வேலிப் பருத்தி' என்று பெயர்.

விளைந்த பருத்தியை நூலாக்கித் துணியாக்கும் கை ஊருக்குள்ளேயே இருந்தது. தேவாங்கர்களும் சாலியர்களும் தறி போட்டார்கள். வணிகர்கள் பேட்டை அமைத்துச் சரக்கை வெளியூருக்கு அனுப்பினார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து, அதைக் கொண்டு பள்ளிக்கூடமும் கோயிலும் கிணறும் அமைத்தார்கள். மகமை எடுக்க வேண்டுமானால் மூட்டையை எண்ண வேண்டும். எண்ணியதை எழுத வேண்டும். ஆகவே நமது முன்னோர்கள் கணக்கு எழுதுவதில் சோம்பேறிகளாக இருந்ததில்லை. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்வோம். பாடத்தின் முடிவில் இது தேவைப்படும்.

எழுநூறு துண்டுத் துணிகள்

ஜான் போர்ப்ஸ் வாட்சன் என்பவர் 1827-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். படித்தது மருத்துவம். 1850-இல் பம்பாய் ராணுவத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். சுமார் மூன்று ஆண்டுகளில் உடல்நலம் குன்றித் தாய்நாடு திரும்பினார். இந்தியாவில் அவர் இருந்த காலம் அவ்வளவுதான். ஆனால் இந்தியாவின் விளைபொருட்கள் பற்றிய ஆராய்ச்சியை அவர் விடவில்லை. 1858-இல் இந்தியாவின் பொருட்கள் பற்றி அறிக்கை தரும் அதிகாரியாகவும், லண்டனில் இருந்த இந்தியா மியூசியத்தின் தலைவராகவும் நியமிக்கப்பட்டார். 1879-இல் அந்த மியூசியம் கலைக்கப்படும் வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதுவே அவருடைய உத்தியோகம். 1892-இல் காலமானார்.

அந்த மியூசியத்தின் கிடங்கில் கண்காட்சிகளுக்காக இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த துணிகள் குவிந்து கிடந்தன. மற்றவர்கள் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வேடிக்கை காட்டியிருப்பார்கள். வாட்சன் செய்தது வேறு. துணிகளை எடுத்து, அளந்து, எடை போட்டு, துண்டு துண்டாக வெட்டினார். 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் ஒட்டினார். இப்படி 20 செட்டுகள் தயாராயின. ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எண். அதன் கீழே துணியின் பெயர், நீளம், அகலம், எடை, எந்த ஊர்ச் சரக்கு என்ற விவரங்கள். 1866-இல் இதற்குத் துணையாக இந்திய மக்களின் ஜவுளி உற்பத்தியையும் உடைகளையும் விளக்கும் பெரிய நூல் ஒன்றையும் எழுதி வெளியிட்டார்.

இருபது செட்டுகளில் 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. பிரிட்டனில் மான்செஸ்டர், கிளாஸ்கோ, பிரெஸ்டன் போன்ற ஆலை நகரங்களுக்கும், இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை உள்ளிட்ட இடங்களுக்கும் அவை போயின. எதற்காக என்பதை அவர் மறைக்கவில்லை. இந்தியர்கள் விரும்பி உடுத்துவது எது என்பது ஆலைக்காரருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அதைப் போல் நெய்து இந்தியாவிலேயே விற்க முடியும். கப்பல் ஏறிக் கடைவீதிக்கு வராமலேயே ஆலைக்காரர் கடைவீதியைப் பார்ப்பதற்கு அவர் செய்த ஏற்பாடு அது.

அவர் கவனித்தது என்ன?

வியாபாரி என்ற முறையில் நாம் இந்த மனிதரிடம் வியக்க வேண்டிய விஷயம் அவருடைய கவனம். அவர் எழுதியதன் சாரத்தை நான்கு குறிப்புகளாகச் சொல்லலாம்.

முதலாவது, இந்தியர்களின் உடையில் பெரும்பகுதி தைக்கப்படாதது. வேட்டி, சேலை, தலைப்பாகை, அங்கவஸ்திரம் எல்லாம் தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்தப்படுபவை. ஆகவே தறியிலேயே நீளமும் அகலமும் சரியாக அமைய வேண்டும். பீஸ் துணியை வெட்டித் தைப்பவருக்கு முழம் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. சேலைக்கு அப்படி இல்லை.

இரண்டாவது, அலங்காரம் எங்கே வருகிறது என்பது முக்கியம். கரை, முந்தி, உடல் ஆகியவை உடுத்தும்போது எந்த இடத்தில் தெரிய வேண்டுமோ அந்த இடத்தில் தெரிய வேண்டும். அழகான பூவேலை மடிப்புக்குள் மறைந்துபோனால் அந்தத் துணி விலை போகாது.

மூன்றாவது, ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. ஒரு ஜில்லாவில் ஓடும் கரை அடுத்த ஜில்லாவில் ஓடாது. 'இந்தியச் சரக்கு' என்று பொதுவாக ஒன்று கிடையாது.

நான்காவது, நூலின் தன்மை. டாக்கா மஸ்லினையும் ஐரோப்பிய இயந்திர மஸ்லினையும் அருகருகே வைத்துச் சோதித்தார். கையால் நூற்ற டாக்கா நூலில் அங்குலத்துக்கு 80 முதல் 110 வரை முறுக்கு இருந்தது. இயந்திர நூலில் 70-ஐக் கூடத் தொடவில்லை. கைநூல் மெல்லியதாக இருந்தும் உழைத்ததற்கு இது ஒரு காரணம் என்பதை அவர் ஒளிக்காமல் எழுதினார். தம் நாட்டு ஆலைக்குச் சாதகமாக அளவைத் திருத்தவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் புத்தகம்தான் நமது நெசவை அழித்தது என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மை அல்ல. 1866-க்கு வெகுகாலம் முன்பே மான்செஸ்டர் நூலும் துணியும் நமது துறைமுகங்களில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. விலை, வரி, இயந்திரம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் நமது சரக்கைப் பற்றிய நுட்பமான அறிவு எழுத்தாகவும் மாதிரியாகவும் முதலில் போய்ச் சேர்ந்தது நமது போட்டியாளரிடம் என்பதில் ஐயமில்லை.

அவர் எழுதாமல் விட்டது

எழுநூறு மாதிரிகளுக்கும் ஊர்ப் பெயர் உண்டு, அளவு உண்டு, எடை உண்டு. நெய்தவர் பெயர் இல்லை. எந்தத் தறிக்காரர், எந்தத் தெரு என்பது இல்லை. துணி அடையாளம் பெற்றது. நெய்தவர் அடையாளம் பெறவில்லை. அறிவு ஒரு பக்கமாக மட்டும் ஓடியது. இதுவே நமது பாடத்தின் மையம்.

வாட்சனின் உழைப்பு துணியோடு நிற்கவில்லை. பருத்தியையும் அவர் ஆராய்ந்தார். பருத்தி அரைக்கும் ஜின் இயந்திரங்களைப் பற்றியும், இந்தியப் பருத்தியின் சுத்தத்தைப் பற்றியும் 1879-இல் அறிக்கை எழுதினார். இதன் தேவை நமது சீமைக்கு நன்றாகவே தெரியும். நல்ல கருங்கண்ணியோடு மட்டமான புளிச்சைப் பருத்தியைக் கலந்து விற்ற பழக்கம் தெற்கே இருந்தது. எடை கூடியது, பெயர் கெட்டது. கலப்படத்தைத் தடுக்க 1923-இல் இந்திய அரசு பருத்திப் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறகு சென்னை மாகாணத்தில் புளிச்சையை ஒழிக்கவே தனிச் சட்டம் வந்தது. வியாபாரி தாமாகக் காக்காத தரத்தைச் சர்க்கார் சட்டம் போட்டுக் காக்க நேர்ந்த கதை அது.

வேறு இருவர்

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். தென்னிந்தியாவின் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர் என்றே பலரும் அவரை அறிவர். அதற்கு முன்பே, 1897-இல், சென்னை மாகாணத்தின் பருத்தித் துணித் தொழில் பற்றித் தனி நூல் எழுதினார். 1899-இல் பட்டுத் துணித் தொழிலைப் பற்றி எழுதினார். லண்டனில் உட்கார்ந்து வாட்சன் துணியைப் பார்த்தார் என்றால், தர்ஸ்டன் மாகாணத்துக்குள் இருந்தே நெசவாளரையும் சாயக்காரரையும் பற்றிச் செய்தி திரட்டினார்.

அந்த 1897-ஆம் ஆண்டைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது அதே ஆண்டில்தான். சாயவேர்ச் சிவப்புக்கு மாற்றான செயற்கைச் சிவப்பு அதற்கும் முன்பே, 1868-இல் கண்டுபிடிக்கப்பட்டுச் சந்தையைப் பிடித்துவிட்டது. அதாவது, அவுரித் தொட்டியும் சாயவேரும் விடைபெற்றுக்கொண்டிருந்த நேரத்தில் எழுதப்பட்டவை அந்தப் பக்கங்கள். பத்து, இருபது ஆண்டுகள் தாமதித்திருந்தால் எழுதுவதற்குப் பாதி விஷயம் மிஞ்சியிருக்காது. எழுதுகிறவர் காலத்தில் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாமவர் கமலாதேவி சட்டோபாத்யாய. 1903-இல் மங்களூரில் பிறந்து, சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1952-இல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் தலைவரானார். ஊர் ஊராகப் போய்க் கைவினைஞர்களைத் தேடிக் கண்டு, அவர்கள் வேலையை நேரில் பார்த்து எழுதினார். இந்தியாவின் கைவினைகளைப் பற்றியும் பூத்தையலைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். 1988-இல் மறையும் வரை அந்தப் பணி நிற்கவில்லை. அவர் முயற்சியால் 1964-இல் தோன்றிய இந்தியக் கைவினை மன்றம் சென்னையிலிருந்து இயங்குகிறது. 1965-இல் தேர்ந்த கைவினைஞர்களுக்குத் தேசிய விருது வழங்கும் வழக்கம் தொடங்கியது. விருது என்றால் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். வாட்சனின் மாதிரிகளில் விடுபட்ட அந்த ஒரு வரி, நூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது.

மூவரும் துணியைப் படித்தார்கள். ஒருவர் ஆலைக்காகப் படித்தார். ஒருவர் மியூசியத்துக்காகப் படித்தார். ஒருவர் நெய்தவருக்காகப் படித்தார். கடைக்காரருக்காகப் படித்தவர் யார்? அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

இப்போது ஏன் இது அவசரம்?

பழைய பெருமை பேசி என்ன இலாபம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சட்டத்தில் இருக்கிறது.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பதிவகம் சென்னையிலேயே இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கும் மதுரைச் சுங்குடிக்கும் 2005-இலேயே குறியீடு கிடைத்தது. செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் கிடைத்தது. நெகமம் பருத்திச் சேலைக்கு 2023-இல் கிடைத்தது. ஒரு முறை பதிந்தால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அந்தப் பெயரை வேறு ஊர்ச் சரக்கின் மேல் ஒட்டி விற்பது குற்றம்.

இந்தக் குறியீட்டைக் கேட்கிறவர், சரக்கு இன்ன ஊரில் இத்தனை காலமாக உற்பத்தியாகி வருகிறது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் போதாது. பழைய நூல்கள், அரசாங்க அறிக்கைகள், கணக்குப் புத்தகங்கள், பில்கள், கடிதங்கள், மாதிரித் துணிகள் போன்றவைதான் அங்கே பேசும். வாட்சனும் தர்ஸ்டனும் எழுதியது போன்ற ஏடுகளுக்கு நூறு ஆண்டுக்குப் பிறகு வந்த மதிப்பு இது.

நமது கணக்கேடுகள் எங்கே? பாட்டனார் காலத்துப் பேரேட்டில், இன்ன தேதியில் இன்னார் தறியிலிருந்து இத்தனை உருப்படி சேலை வரவு என்று எழுதியிருக்கும். கடையைப் புதுப்பிக்கும்போது அந்தப் பேரேடு பரணிலிருந்து இறங்குகிறது. கறையான் தின்றது போக மிச்சத்தைப் பழைய பேப்பர்காரரிடம் நாமே எடைக்குப் போட்டுவிடுகிறோம். கிலோவுக்குக் கிடைத்த சில ரூபாயோடு ஊரின் சாட்சியும் போய்விடுகிறது. இது யாரோ அந்நியர் செய்த கெடுதல் அல்ல, நாம் செய்துகொள்வது.

சட்டத்தில் நமக்கு அனுகூலமான இடம் ஒன்றும் உண்டு. குறியீட்டுக்கு மனுச் செய்வது உற்பத்தியாளர்களின் நலனைப் பிரதிநிதிப்படுத்தும் சங்கமாகவோ அமைப்பாகவோ இருக்க வேண்டும். ஆகவே வணிகர் மட்டும் கூடி மனுப் போட முடியாது; நெசவாளரோடு சேர்ந்துதான் போக வேண்டும். ஆனால் பதிவு கிடைத்த பின், அந்தச் சரக்கில் வியாபாரம் செய்பவரும் அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளராகப் பதிந்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தறியும் கடையும் ஒரே பெயரின் கீழ் நிற்கலாம்.

மாதிரி ஏடு வைக்கும் முறை

செலவில்லாத வேலைதான் இது. நீண்ட கணக்கு நோட்டு ஒன்று, ஊசி நூல், அளவு நாடா, கிராம் காட்டும் தராசு, நூல் எண்ணும் கண்ணாடி ஒன்று ஆகியவை போதும். வாரம் ஓர் உருப்படி எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஐம்பதுக்கு மேல் சேரும். ஒவ்வொரு பக்கத்திலும் கீழ்க்கண்டவற்றை எழுத வேண்டும்.

1. தேதியும் கொள்முதல் பில் எண்ணும்.
2. நெய்தவர் பெயர் அல்லது சங்கத்தின் பெயர், ஊர், தெரு. நெய்தவர் சம்மதம் கேட்டு எழுத வேண்டும்.
3. கைத்தறியா, விசைத்தறியா. கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது; கேட்டு எழுத வேண்டும். 2006 முதல் வழங்கப்படும் கைத்தறி முத்திரை இருந்தால் அதையும் குறிக்க வேண்டும்.
4. பாவு நூல் நம்பர், ஊடை நூல் நம்பர்.
5. அங்குலத்துக்குப் பாவு இழை எத்தனை, ஊடை இழை எத்தனை.
6. நீளம், அகலம், எடை.
7. சாயத்தின் வகை, ஈரத்துணியால் தேய்த்தும் ஒரு முறை அலசியும் பார்த்ததில் கண்டது.
8. கரை, முந்தி அமைப்பும், நெசவாளர் அதற்குச் சொல்லும் பெயரும். நெசவாளர் வாயில் வரும் சொல்லை அப்படியே எழுத வேண்டும். நமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றக் கூடாது.
9. வாடிக்கையாளர் சொன்ன குறையும் நிறையும்.

பக்கத்தின் ஓரத்தில் இரண்டு அங்குல மாதிரியைத் தைத்து வைக்க வேண்டும். சேலையை வெட்டச் சொல்லவில்லை. பாவு முடியும் இடத்தில் நெசவாளரிடம் மிஞ்சும் துண்டைக் கேட்டால் தருவார்.

தராசு சொல்லும் உண்மை

நூல் நம்பரைப் பற்றி ஒரு கணக்கு. 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் 40 சிட்டம். அதாவது பவுண்டுக்கு 33,600 கஜம். நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது.

இப்போது 6 கஜ நீளமும் 45 அங்குல அகலமும் உள்ள சாதாரணச் சேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்குப் பாவு 60 இழை, ஊடை 56 இழை என்று கண்ணாடி காட்டுகிறது. பாவு இழை மொத்தம் 45 × 60 = 2,700. ஒவ்வொன்றும் 6 கஜம். ஆக 16,200 கஜம். ஊடைக்கு, 6 கஜம் என்பது 216 அங்குலம்; 216 × 56 = 12,096 இழை. ஒவ்வொன்றும் 45 அங்குலம், அதாவது ஒன்றேகால் கஜம். ஆக 15,120 கஜம். இரண்டும் சேர்ந்து 31,320 கஜம்.

நூல் 40-ஆம் நம்பராக இருந்தால் இதன் எடை சுமார் 423 கிராம். 60-ஆம் நம்பராக இருந்தால் சுமார் 282 கிராம். 80 என்றால் 212 கிராமுக்குப் பக்கம். இழை வளைந்து செல்வதாலும் கஞ்சியாலும் சற்றுக் கூடும். கரையில் கனமான நூல் இருந்தால் இன்னும் கூடும். ஆனால் 60-ஆம் நம்பர் என்று லேபிள் ஒட்டிய இந்த அளவுச் சேலை 430 கிராம் நின்றால், அது கஞ்சியின் எடை அல்ல. கொள்முதல் செய்யும்போதே கேட்டுவிட வேண்டிய விஷயம். வாட்சன் ஏன் ஒவ்வொரு மாதிரிக்கும் நீளம், அகலம், எடை மூன்றையும் எழுதினார் என்பது இப்போது விளங்கும். மூன்றும் இருந்தால் துணி பொய் சொல்ல முடியாது.

ஓர் எச்சரிக்கை

ஏடு வைப்பது இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி. நெசவாளர் ஒருவர் ஆறு மாதம் யோசித்து அமைத்த கரையைக் கடைக்காரர் வாங்குகிறார். நன்றாக ஓடுகிறது. உடனே அதே கரையைப் படம் எடுத்து வெளியூர் விசைத்தறிக்கு அனுப்பிப் பாதி விலையில் அடித்து வாங்குகிறார். இப்படி நடப்பதில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக் கூடியவர் நம்மில் எத்தனை பேர்? வாட்சன் மான்செஸ்டருக்குச் செய்த வேலையை நாமே நமது தெருவுக்குச் செய்கிறோம்; அவ்வளவுதான் வித்தியாசம்.

1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி சில வகைத் துணிகளைக் கைத்தறியில்தான் நெய்யலாம். 1993-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று உறுதி செய்தது. தொடக்கத்தில் 22 வகைகள் இருந்தன. பின்னர் அது 11 ஆகக் குறைந்தது. சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். தம் கரை இரண்டு முறை திருட்டுப் போன நெசவாளர் மூன்றாவது கரையை நமக்குக் காட்ட மாட்டார். அவர் பிள்ளை தறியில் உட்கார மாட்டான். பிறகு நாம் விற்பதற்கு ஊர்ச் சரக்கு என்று ஒன்று இருக்காது. சூரத்துச் சரக்கை விற்பதற்கு அருப்புக்கோட்டைக்கு வர வேண்டிய அவசியம் வாடிக்கையாளருக்கும் இருக்காது.

ஆகவே நெய்தவர் பெயர் இல்லாத பக்கம் நமது ஏட்டில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாதிரியின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வேறு தறிக்குக் கொடுப்பதில்லை என்று ஏட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டு வைப்பது நல்லது. ஏட்டைப் பார்க்கும் நெசவாளருக்கு நம்பிக்கை வரும். எழுதியவருக்கும் கட்டுப்பாடு வரும்.

செய்ய வேண்டியவை

இந்த மாதத்துக்கு மூன்று வேலைகள் போதும். ஒன்று, பரணில் உள்ள பழைய பேரேடுகளை இறக்கித் தூசி தட்டி, வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டியில் வைப்பது. ஒரு தாளையும் எடைக்குப் போடுவதில்லை என்று தீர்மானிப்பது. இரண்டு, கடையில் உள்ள ஐந்து உருப்படிகளை மேலே சொன்ன முறையில் அளந்து, எடை போட்டு, மாதிரி ஏட்டைத் தொடங்குவது. மூன்று, அந்த ஐந்தில் ஒன்றையாவது நெய்தவர் வீட்டுக்கு நேரில் போய், தறியருகே உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு எழுதுவது. வயதான தறிக்காரர் வீட்டுக்கு முதலில் போக வேண்டும். தர்ஸ்டன் கதையை மறந்துவிடக் கூடாது.

அடுத்த முறை அந்த அம்மாள் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, இது நம்ம ஊர்த் தறியா?" என்று கேட்டால், ஏட்டைப் பிரித்து வைத்து, "ஆமாம்மா, அறுபதாம் நம்பர் நூலு, இருநூத்தித் தொண்ணூறு கிராம் நிக்கும், நெய்தவங்க பேரு இங்க எழுதியிருக்கு பாருங்க" என்று சொல்லலாம். அவர் அந்தச் சேலையை எடுப்பார் என்று நாம் உறுதி கூறவில்லை. ஆனால் நம்மை நம்புவார். நம்பியவர் திரும்பி வருவார். வணிகத்துக்கு அதைவிடப் பெரிய முதல் வேறு இல்லை.